விமானத்தின் கொம்பு

என் வயதுக்காரர்களே, உங்களில் பாதிப் பேர் இப்போது விமானத்தில்தான் போய்வருகிறீர்கள். மகன் பூனாவில், மகள் டெல்லியில், பேரன் இன்னும் தூரத்தில். ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கி உட்கார்ந்து, மேகத்தைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, இறங்கும்போது முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்திருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான். ஆனால் விமானம் என்றால் எனக்கு முதலில் வருவது மேகம் அல்ல, சந்தன வாசனை. அதோடு கொஞ்சம் பெட்ரோல் வாசனையும் வரும். எங்கள் நிலத்தில் விமானம் இறங்கிய கதையை உங்களில் பலருக்குச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். சொன்னது பாதிதான். மீதியைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதினோரு வயது. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில், ரயில் தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் காடு. காடு என்றதும் புலி கரடி என்று போய்விடாதீர்கள். எங்கள் பக்கம் மழையை நம்பி விதைக்கும் மேட்டு நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து பாடுபட்ட நிலம். அப்பா வேலை செய்வார், பெரியப்பா பேசுவார். அந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்குமே திருப்திதான்.

அன்று போகி. ராகி அறுத்துக் கதிரைக் களத்தில் சேர்த்தாகிவிட்டது. நிலத்தில் தாள் மட்டும் நின்றது. பனி இறங்கி நிலத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. போதாததற்கு ஊரே பழைய பாயையும் கிழிந்த கூடையையும் எரித்த புகை வேறு. பெரியப்பா நிலத்து மூலையில் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பூக்கூடையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. டிராக்டர் என்றார் பெரியப்பா. டிராக்டர் மேலே இருந்து எப்படி வரும் என்று நான் கேட்டு முடிப்பதற்குள், பனிக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. வெள்ளை உடம்பில் ஆரஞ்சுக் கோடு. தலைக்கு மேல் ஒரே ஒரு நீளமான இறக்கை. எங்கள் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று வந்தது. மூன்றாவது தடவை மிகத் தாழ வந்தபோது அதன் சக்கரத்தில் ஒட்டியிருந்த மண் தெரிந்தது. நான் கூடையைப் போட்டுவிட்டேன். பெரியப்பா குப்புறப் படுத்துவிட்டார். சக்கரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் குனிந்தேன் என்று பிறகு சாகும்வரை சாதித்தார்.

அது எங்கள் போகிப் புகையைப் பார்த்திருக்கிறது. புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் காற்று போகிறது. இறங்குவதானாலும் ஏறுவதானாலும் காற்றை எதிர்த்துத்தான் வர வேண்டும், அப்போதுதான் குறைந்த தூரத்தில் முடியும். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று நான் கண்டது, மேற்கே போய்த் திரும்பி, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, வெறும் காற்று கிழிபடும் ஓசையோடு அது எங்கள் ராகித் தாளின் மேல் வந்து உட்கார்ந்ததைத்தான். ஒரு குதி, இன்னொரு குதி, பிறகு ஓட்டம். நிலத்துக் கடைசியில் நின்ற துவரைக்குப் பத்து முழம் முன்னால் நின்றுவிட்டது.  கடவுளே நேரில் வந்து இறங்கியிருந்தாலும் அவ்வளவு பிரமித்திருக்க மாட்டேன்.

கதவு திறந்தது. பேண்ட் போட்ட கால் ஒன்று இறங்கியது, அதன் பின்னால் ஒரு நீளப் பின்னல். இருபது இருபத்தொரு வயது அக்கா ஒருவர் தரையில் நின்று இறக்கையைப் பிடித்துக்கொண்டார். 

பெரியப்பா வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார். "ஏம்மா, டிரைவர் எங்கம்மா?"

"யாரும் இல்லே. நானே ஓட்டறது" என்றார் அக்கா, கன்னடம் கலந்த தமிழில்.

பெரியப்பா நம்பவில்லை. விமானத்தைச் சுற்றிப்போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இரண்டு இருக்கை, இரண்டும் காலி. "அப்ப ஓட்டறவரு வழியிலயே எறங்கிட்டாருங்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

இதற்குள் அம்மா வந்துவிட்டாள். அம்மா பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம். அவள் கன்னடம் பேசினால் எங்கள் வீட்டில் எல்லாரும் கிண்டல் செய்வோம், நானும் செய்திருக்கிறேன். அன்று அவள் நேராகப் போய் அந்த அக்காவின் கையைப் பிடித்து, "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். அவ்வளவுதான், அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை எல்லாம் அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா கேட்டுக் கேட்டுச் சொன்ன கதை இது. பெங்களூர்ப் பக்கம் ஓர் இடத்தில் விமானம் ஓட்டப் படிக்கிறார். கூட யாரும் இல்லாமல் ஓர் ஊர்வரை போய்த் திரும்ப வேண்டும், அதுவும் படிப்பில் ஒரு பகுதி. சேலம்வரை போய்விட்டுத் திரும்பும்போது பனி மூடிவிட்டது. தண்டவாளம் கண்ணில் பட்டதும் அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். ராயக்கோட்டைப் பக்கம் மலையே தெரியவில்லை. பெட்ரோலும் குறைந்துகொண்டே வந்தது. தீர்ந்த பிறகு விழுவதைவிட, இருக்கும்போதே நல்ல நிலமாகப் பார்த்து இறங்கிவிடுவது மேல் என்று முடிவு செய்திருக்கிறார்.

"அதெல்லாம் சரிங்க" என்றாள் அம்மா, பெரியப்பாவிடம். "இவங்க வூட்டுல ஒரு வருசம்தான் டைம் குடுத்திருக்காங்களாம். வர்ற ஜூனோட முடியுதாம். அதுக்குள்ள லைசென்ஸ் வாங்கலைன்னா கல்யாணமாம். கத்துக்குடுக்கற வாத்தியாரு கோவக்காரராம். தப்புப் பண்ணிட்டாங்கன்னு தனியா ஓட்டறத நிறுத்திப்புட்டா, அத்தோட போச்சாம்."

"போயிட்டுப் போவுது, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேல?" என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு, மீந்திருந்த காப்பை எடுத்து விமானத்தின் வாலில் கட்டினார். அவர் வாய் ஒரு வழி, கை ஒரு வழி.

மாரண்டஹள்ளி தபால் ஆபீசிலிருந்து பெங்களூருக்குத் தந்தி போனது. பண்டிகை முடிந்து, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஆள் வருகிறது என்று பதில் வந்தது. ஸ்டேஷனிலிருந்து ஓர் ஏட்டு வந்து என்னவோ எழுதிக்கொண்டு போனார். அக்கா எங்கள் வீட்டில் தங்கினார். அம்மாவின் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கம்பளியில் படுத்தார். எனக்கு ராஜபோகம். பள்ளிக்கூடத்தில் என்னோடு பேசாதவர்கள் எல்லாம் தேடி வந்து பேசினார்கள்.

அன்று மத்தியானம் அந்த இறக்கையைத் தொட்டுப் பார்த்தேன். இரும்பு சில்லென்று இருக்கும் என்று நினைத்துத் தொட்டால், துணி! ஆமாம், துணிதான். உள்ளே சட்டம், மேலே துணி இழுத்துக் கட்டி, ஏதோ வார்னிஷ் பூசி விறைப்பாக்கியிருந்தார்கள். விரலால் சுண்டினால் டம் என்றது. துணியைச் சட்டத்தோடு சேர்த்துத் தைத்த தையல் வரிசையாகத் தெரிந்தது. நான் பிற்பாடு முப்பது வருடம் தையல் டீச்சராக இருந்தேன். எத்தனையோ பேர் தைத்ததைத் திருத்தியிருக்கிறேன். அந்த இறக்கைத் தையலைப் போல ஒரே அளவாக விழுந்த தையலை அப்புறம் பார்க்கவே இல்லை. ஓர் ஆளைச் சுமந்துகொண்டு வானத்தில் போவது துணியும் நூலும்தான் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

துணி என்பது எங்கள் மாட்டுக்கும் தெரிந்துபோனது. சாயங்காலம் எங்கள் செவலைப் பசு போய் வாலை நக்க ஆரம்பித்துவிட்டது. அந்த வார்னிஷ் மாடுகளுக்கு ரொம்பப் பிடிக்குமாம். அக்கா அலறிக்கொண்டு ஓடினார். உடனே பெரியப்பா இலந்தை முள் வெட்டிவரச் சொல்லி விமானத்தைச் சுற்றி வேலி போட்டார். மாட்டுக் கயிறு, முளைக்குச்சி எல்லாம் கொண்டுவந்து இறக்கையின் இரண்டு பக்கத்தையும் வாலையும் தரையோடு கட்டினார். அதற்கு முன்பே, காற்று வரும் பக்கம் மூக்கு இருக்க வேண்டும் என்று அக்கா சொல்ல, நாலு பேர் சேர்ந்து நிலத்தின் மேற்குக் கடைசிக்குத் தள்ளிப்போய்க் கிழக்கே பார்க்க நிறுத்தியிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூட சயின்ஸ் வாத்தியார் வேலிக்கு வெளியே நின்று, "உள்ள காஸ் அடைச்சிருப்பாங்க, அதான் மெதக்குது" என்று ஊருக்கு விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இறக்கையின் கீழே, முன்பக்கம் பார்த்தபடி ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. பென்சில் பருமன்தான் இருக்கும், நுனியில் ஓர் ஓட்டை. அக்கா தன் கைக்குட்டையை எடுத்து அந்த நுனியில் சுற்றி முடிச்சுப் போட்டார். வெள்ளைக் கைக்குட்டை, நீலக் கரை, ஒரு மூலையில் பச்சை நூலில் பூத்தையல். அப்போது பக்கத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். குழாயைக் காட்டி, விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தொடாதே என்பதற்கு மொழி எதற்கு? நன்றாகப் புரிந்தது.

பொங்கலன்று பொழுது ஏறியதும் அம்மா களத்தில் ராகி தூற்றினாள். அக்கா வந்து நின்று பார்த்தார். அம்மா முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்க, தூசு ஒரு பக்கம் பறந்தது, மணி நேராகக் கீழே விழுந்தது. அக்கா இன்னொரு காலி முறத்தை எடுத்து என் கையில் கொடுத்துக் காற்றுக்கு எதிரே நிற்க வைத்தார். முறத்தைப் படுக்கையாகப் பிடித்தால் ஒன்றும் தெரியவில்லை. முன் விளிம்பைக் கொஞ்சம் தூக்கியதும் யாரோ அடியில் கை கொடுத்துத் தூக்குவது போல இருந்தது. இன்னும் தூக்கினேன். படபடவென்று அடித்துக்கொண்டு பின்னால் தள்ளியது, தூக்கும் பிடி விட்டுப்போய்விட்டது.

அக்கா சொல்லச் சொல்ல அம்மா எடுத்துச் சொன்னாள். "றெக்கையும் இதே கதைதானாம். மூஞ்சியக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சா காத்தே தூக்கிக்குமாம். ரொம்பத் தூக்குனா பொத்துனு விட்டுருமாம். தரையில எவ்வளவு வேகமா ஓடுதுங்கறது கணக்கில்லையாம். றெக்கை மேல காத்து எவ்வளவு வேகமா போவுதுங்கறதுதானாம். அந்த வேகம் பத்தாம மேல தூக்குனா ஆளு காலியாம்."

"அத எப்படிங்க தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டேன்.

"உள்ள கடியாரமாட்டம் ஒண்ணு இருக்காம். அதுல முள்ளு காட்டுமாம்" என்றாள் அம்மா. பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "கல்யாணமாகி வந்த நாள்லருந்து நானும் இதத்தான் புடிச்சிக்கிட்டிருக்கேன். ஒரு நாளாவது தூக்கிட்டுப் போச்சா?"

அக்காவுக்கு அது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மாவை யாரும் அப்படிக் கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் மாட்டுப் பொங்கல். பெங்களூருக்கு டிரங்க் கால் போட வேண்டும் என்று அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அக்கா டவுனுக்குப் போய்விட்டார். இங்கே மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, வண்டி, கலப்பை, மம்முட்டி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. பெரியப்பா விமானத்தைப் பார்த்தார். "நம்ம காட்டுல நிக்கற வரைக்கும் அதும் நம்ம உருப்படிதான். அத மட்டும் சும்மா உடறதா?" என்றார்.

வேலியை விலக்கிக்கொண்டு உள்ளே போனோம். பெரியப்பா மூக்கில் இருந்த காற்றாடிக்குச் சாமந்தி மாலை போட்டார். சக்கரத்துக்குச் சந்தனம், கதவுக்குச் சந்தனம், வாலுக்குச் சந்தனம். என் கையிலும் ஒரு கிண்ணம். எனக்கு அந்தக் குழாய்தான் கண்ணில் பட்டது. மற்றவர்கள் சக்கரத்தையும் வாலையும் பார்த்தார்கள். எனக்கு அது கொம்பாகத் தெரிந்தது. முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறதே, வேறு என்னவாக இருக்கும்? மாட்டுப் பொங்கலன்று கொம்பை அழுக்குத் துணி சுற்றிய மேனிக்கு விடுவார்களா? முடிச்சை அவிழ்த்தேன். கைக்குட்டையைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன். குழாய் முழுக்கச் சந்தனம் பூசினேன். நுனியில் வைத்தது நிற்காமல் உதிர்ந்தது. அதனால் ஓட்டைக்குள் விரல் நுனியால் அழுத்தி அழுத்தி அடைத்தேன். அடைத்த சந்தனத்தின் மேல் ஒரு குங்குமப் பொட்டு. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

இருட்டுகிற நேரத்தில் அக்கா திரும்பி வந்து அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அதை எடுத்து முகர்ந்தால் பெட்ரோலும் பவுடரும் கலந்த வாசனை வந்தது. நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். திருட்டு என்று தோன்றவில்லை. ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

விடிந்ததும் ஜீப் வந்தது. கோபக்கார வாத்தியார் வந்தார். உயரமும் பருமனுமான ஆள், வெள்ளை மீசை. கூடவே ஒரு மெக்கானிக், சேலத்துக்காரர். வாத்தியார் ஜோடிப்பைப் பார்த்ததும் முகம் சிவந்து இங்கிலீஷில் சத்தம் போட்டார். மெக்கானிக் ஜீப்பில் கொண்டுவந்த பெட்ரோலை ஊற்றிவிட்டு, ஈரத்துணி எடுத்து எல்லாவற்றையும் துடைத்தார். குழாயையும் துடைத்தார். கைக்குட்டையை அவர்தான் அவிழ்த்திருப்பார் என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். வெளியே பூசியது போய்விட்டது, உள்ளே அடைத்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

வாத்தியார் நிலத்தைக் காலால் அளந்தார். கிழக்கே துவரை, அதற்கு அந்தப் பக்கம் கிணற்று மேடு, மோட்டாருக்குப் போகும் கரண்ட் கம்பி. நீளம் பற்றாது என்று தலையை ஆட்டினார். பெரியப்பா துவரையில் ஒரு பாதை வெட்டச் சொல்லி, நடுவில் இருந்த வரப்பையும் நிரவச் சொன்னார். காய் பிடித்து நின்ற துவரை. அப்பாதான் வெட்டினார். அப்படியும் வாத்தியார் கனத்துக்கு அது ஏறாது. கனம் குறைந்தால்தான் சீக்கிரம் எழும்பும். அங்கே இருந்தவர்களில் ஓட்டத் தெரிந்து கனமும் இல்லாதவர் அக்கா ஒருவர்தான். வேறு வழியில்லாமல் வாத்தியார் ஒத்துக்கொண்டார்.

"இப்பவே கிளம்பச் சொல்றாரு, குளிர்ந்த காத்துல நல்லா ஏறுமாம்" என்றார் மெக்கானிக்.

அம்மா குறுக்கே வந்தாள். "இப்பக் காத்தே இல்லீங்களே. பொழுது பனை ஒசரம் ஏறுனாத்தான் கீகாத்து வரும். தூத்தறதுக்கு நாங்க அதுக்குத்தான் காத்துக் கெடப்போம்." கீகாத்து என்றால் கிழக்கிலிருந்து வரும் காற்று. வாத்தியார் ஒரு கைப்பிடி மண்ணைத் தூவிப் பார்த்தார். நேராக விழுந்தது. ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

அம்மா சொன்ன நேரத்துக்குக் காற்று வந்தது. அம்மா ஒரு முறம் ராகித் தூசோடு கிணற்று மேட்டில் ஏறி நின்றாள். தூசு பறப்பதைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு பலம் என்று ஓட்டுகிறவர் தெரிந்துகொள்ளலாம் என்பது அக்காவின் ஏற்பாடு. மெக்கானிக் காற்றாடியைக் கையால் பிடித்து ஒரு சுற்று இழுத்துவிட்டார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. தாளும் மண்ணும் எங்கள் முகத்தில் அடித்தன. விமானம் ஓட ஆரம்பித்தது. வால் தூக்கியது. நான் கண்ணை மூடவே இல்லை.

பாதி தூரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. விமானம் தள்ளாடிக்கொண்டு போய் நிரவிய வரப்புக்குப் பக்கத்தில் நின்றது.

"பயந்துட்டா" என்றார் பெரியப்பா.

"பயந்துருச்சு, பொம்பளப் புள்ளதான" என்றார்கள் மற்றவர்கள். வாத்தியாரும் அதையேதான் இங்கிலீஷில் கத்திக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நானும் பின்னால் ஓடினேன்.

அக்கா இறங்கி நின்று, முகம் வெளுத்து, ஆனால் குரல் உயர்த்தாமல் ஒரே ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். மெக்கானிக் பெரியப்பாவுக்குச் சொன்னார். "முள்ளு நகரலையாம்ங்க. ஓட்டம் புடிச்சும் அப்படியே சைபர்ல நிக்குதாம்." பிறகு அந்தக் குழாயைத் தட்டினார். "இதான் காத்து வாங்கற வாய். இதுக்குள்ள காத்து எவ்வளவு வேகமா அடிக்குதோ அதுக்குத் தக்கன உள்ள முள்ளு நகரும். இது அடைஞ்சுதுன்னா எவ்வளவு வேகத்துல போறோம்னே தெரியாது. தெரியாம தூக்குனா, அந்தக் கம்பி மேலயே விழுந்திருக்கும்."

சந்தனம் அடைத்த விரலை நான் பாவாடையில் துடைத்தேன். 

மெக்கானிக் பின்னால் இருந்த இணைப்பைக் கழற்றினார். ஜீப்பில் கிடந்த சைக்கிள் பம்பை வைத்து அடித்தார். இரண்டாவது அடியில் மஞ்சளாக ஒரு சின்ன உருளை தெறித்து வந்து ராகித் தாளில் விழுந்தது. முனையில் குங்குமச் சிவப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அத்தனை பெட்ரோல் நாற்றத்துக்கு நடுவிலும் சந்தனம் மணத்தது.

வாத்தியார் குனிந்து அதை எடுத்துப் பார்த்தார். இந்தத் தடவை கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார். அதனால்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அவர் கேட்டதை மெக்கானிக் முணுமுணுத்தார்: "இந்த வாயை ஏன் மூடி வக்கலேன்னு கேக்கறாரு. மூடி வச்சிருந்தா யாரும் இதுல எதையும் அடைச்சிருக்க மாட்டாங்க. முதல் நாள் சொல்லிக்குடுக்கற பாடம்ங்க அது."

அக்கா என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, இடுப்பை. நான் குனிந்து பார்த்தேன். ஓடி வந்ததில் கைக்குட்டையின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நீலக் கரை, பச்சைப் பூ. பெரியப்பா எனக்குப் பக்கத்திலேயே நின்றார். அவர் கையில் மாடு ஓட்டும் சாட்டை. அவர் அடித்தால் எப்படி இருக்கும் என்பது ஊருக்கே தெரியும், இந்த மூன்று நாளில் அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

அக்கா வாத்தியாரிடம் திரும்பி இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னார்.

"மறந்துட்டாங்களாம்" என்றார் மெக்கானிக், உச்சுக் கொட்டிக்கொண்டு.

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அக்காவின் நோட்டில் என்னவோ எழுதினார். "ஆறு மாசம் தனியா ஓட்டக் கூடாதுன்னுட்டாரு. இன்னிக்குப் பெங்களூரு போய்ச் சேர்ற வரைக்கும்தான் ஓட்டலாமாம்" என்றார் மெக்கானிக். அது ஜனவரி மாதம். எனக்குக் கூட்டத் தெரியும். பிப்ரவரி, மார்ச் என்று மனதுக்குள் விரல் விட்டேன், ஜூன் முடிந்து ஜூலை வந்துவிட்டது.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பதினோரு வயதுப் பிள்ளைதானே என்று நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். நானும் அதைத்தான் இத்தனை வருடம் எனக்குச் சொல்லிவந்தேன். அந்தச் சமாதானம் ஒரு நாளும் போதுமானதாக இருந்ததில்லை.

விமானத்தைப் பழைய இடத்துக்கே தள்ளிக் கொண்டுவந்தார்கள். ஏறுவதற்கு முன் அக்கா என்னிடம் வந்தார். குனிந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைக்குட்டையின் நுனியை ஒரு விரலால் என் இடுப்புக்குள் தள்ளிவிட்டார். கன்னத்தைத் தட்டினார். போய் ஏறிக்கொண்டார்.

இரண்டாவது ஓட்டம். அம்மா மேட்டில் நின்று முறத்தைச் சரித்தாள். தூசு அவள் தலைக்கு மேலாக மேற்கே பறந்தது. அதை எதிர்த்துக் கிழக்கே விமானம் வந்தது. வால் எழுந்தது. நிரவிய வரப்பைத் தாண்டியது. துவரைக்கு நடுவில் வெட்டிய பாதையில் நுழைந்தது. சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் முதலில் ஒரு சாண் வெளிச்சம் தெரிந்தது, பிறகு ஓர் ஆள் உயரம். துணியும் நூலும் ஓர் அக்காவும் சேர்ந்து கரண்ட் கம்பிக்கு மேலே போனார்கள். அம்மா உட்காரவில்லை, குனியவில்லை. முறத்தைப் பிடித்த கையோடு அண்ணாந்து நின்றாள். விமானம் அவளுக்கு மேலே ஒரு தடவை இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துவிட்டுப் போனது. அம்மா முறத்தில் மிச்சமிருந்த தூசை எல்லாம் ஒரே வீச்சில் வானத்தில் கொட்டினாள். நான் பார்த்ததிலேயே அழகான காட்சி அதுதான். அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். பயத்தில் அழுகிறாள் என்று பெரியப்பா எனக்குத் திருநீறு பூசினார்.

அதன் பிறகு அந்த அக்காவைப் பற்றி எங்களுக்கு ஒரு சேதியும் இல்லை. அம்மா இரண்டு கடிதம் எழுத வைத்தாள், பதில் வரவில்லை. கைக்குட்டையை என் டிரங்குப் பெட்டியில் துணிக்கடியில் வைத்திருந்தேன். வாசனை போன பிறகும் வைத்திருந்தேன். நான் கல்யாணமாகிப் போன பிறகு அம்மா வீட்டை இடித்துக் கட்டினார்கள், பெட்டியோடு அதுவும் போனது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் போய் எட்டு வருடம் ஆகிறது.

எங்கள் ஊரில் அந்தக் கதை இன்னும் இருக்கிறது. பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். ஒரு பொண்ணு விமானத்தைக் கொண்டுவந்து எறக்குச்சு, திரும்பிப் போறப்போ பயந்து நின்னுடுச்சு, மூடி வைக்க மறந்து வாத்தியாருகிட்டத் திட்டு வாங்குச்சு என்று. நானும் கூட இருந்து தலையாட்டியிருக்கிறேன். அந்த வேகத்தில் ஓடும்போது ஒரு முள் நகரவில்லை என்பதைக் கவனித்து, அதை நம்பி, நிறுத்த முடிந்ததே, அதுதான் அவர் கற்ற வித்தை என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது.

போன வருடம் மகளுக்குப் பிரசவம் என்று முதல் தடவையாக விமானம் ஏறினேன். பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டார்கள். ஓர் ஊழியர் மூக்குப் பக்கத்திலிருந்து கழற்றிய, சிவப்பு நாடா வைத்த உறைகளைக் கையில் சுருட்டிக்கொண்டு போனார். நான் மூக்குப் பக்கம் பார்த்தேன். எவ்வளவு பெரிய விமானம், எத்தனை பேர் ஏறுகிறோம், அதற்கும் அதே சின்னக் குழாய்தான். வாய் திறந்திருந்தது. எல்லாரும் படியேறிப் போக, நான் மட்டும் கீழேயே நின்றேன். பயமா அம்மா என்று படியில் நின்ற பணிப்பெண் கேட்டது. இல்லை கண்ணு என்றேன்.

அன்று ராகித் தாளில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு மூச்சில் முடிகிற பேச்சு. வாத்தியார் உயிரோடு இருக்கிறாரோ என்னவோ. அந்த அக்கா எங்கே இருக்கிறாரோ, திரும்பவும் பறந்தாரோ, தெரியாது. அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியவர்கள் யாரும் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

அவங்க மறக்கலீங்க. கட்டித்தான் வச்சிருந்தாங்க. நான்தான் அவுத்தேன்.